நாற்பத்தோரு விநாடி

பால்ச்சாமி படம் எடுக்க எங்கே படித்தான் என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் படித்தான் என்று சொல்வேன். கிழவன் உளறுகிறான் என்று பார்ப்பார்கள். உண்மை அதுதான். அந்த இரண்டு மாதமும் ராஜபாளையம் வட்டாரத்தில் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் சுப்புராஜா கடையின் வீடியோ கேமராவுக்கு வேலை கிடையாது. சும்மா பெட்டிக்குள் கிடந்தால் மலைச் சாரலின் ஈரத்துக்கு லென்சில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் சுப்புராஜா, கடையில் கேமரா பிடிக்கிற பால்ச்சாமியைக் கூப்பிட்டு, தன் தெலுங்கு கலந்த பேச்சில், "ஏமிரா, இதைக் கொண்டுபோய் தெனமும் வெயில் காட்டி ஓட்டிக்கிட்டு இரு" என்று கொடுத்தனுப்புவார். கேசட் மட்டும் அவனுடையது.

ஒரே ஒரு கேசட். மூன்று மணி நேரம் ஓடும். இன்னொன்று வாங்க அவனுக்கு வக்கில்லை, வாங்கவேண்டும் என்ற நினைப்பும் இல்லை. எழுதி எழுதி அழிக்கிற சிலேட்டு அது அவனுக்கு. ஆடியில் எடுத்ததை மார்கழியில் அழிப்பான். மார்கழியில் எடுத்ததை அடுத்த ஆடியில் அழிப்பான்.

நான் மம்சாபுரத்தில் அவன் வீட்டுக்கு எதிர்வீடு. மில்லில் எனக்கு நிரந்தரமாக இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் மூன்று மணிக்கு சைக்கிளை எடுத்தால் போதும் என்பதால் காலைப் பொழுதெல்லாம் அவனுக்கு நான்தான் கூலியில்லாத ஆள். நாலு சவுக்குக் குச்சியைச் சட்டமாக அடித்து, அதில் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்போட நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி வைத்திருந்தான். நடிக்கிற ஆள் முகத்துக்கும் அதில் சுள்ளென்று விழுகிற வெயிலுக்கும் நடுவில் நான் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெயில் பால் மாதிரி இறங்கும். என் கைதான் மரத்துப்போகும்.

அவன் பைத்தியம் சொல்லி மாளாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் ஒரே படத்தை ஏழு நாள் பார்ப்பான். கதையைப் பார்க்க மாட்டான். ஒவ்வொரு துண்டும் எத்தனை எண்ணிக்கை நிற்கிறது என்று விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இடைவேளையில் வெளியே வந்து, "மாரி, அவன் உள்ள வாரதுக்கு முன்னாலயே கதவைக் காட்டுதான் பாத்தியா? எதுக்குக் காட்டுதான்?" என்பான்.

"கதவு இருந்துச்சு, காட்டுதான். நீ வடையத் தின்னு."

"இல்லலே. நம்மள எதிர்பாக்க வைக்கான். மூணு எண்ணிக்கை வெறுங்கதவு. பொறவுதான் ஆளு."

வடையோடு நின்று இப்படி நாலு வருஷம் கேட்டிருக்கிறேன். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி கேட்டதே இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். எடுத்ததைப் பாரு என்று கேமராவின் கண்ணாடியை நீட்டினால், "எனக்குச் சோலி கெடக்கு" என்பாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோலி நிஜமாகவே கிடந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து ஆடியில் முத்துப்பேச்சியின் தம்பி சேதுபதி லீவில் வந்தான். பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து வருஷம். இருபத்துநாலு வயது. முத்துப்பேச்சிக்கும் சேதுபதிக்கும் அம்மா கருத்தம்மாள், பால்ச்சாமியின் அப்பாவோடு பிறந்தவள். அவனுக்கு அத்தையும் மாமியாரும் அவள்தான். புருஷன் செத்த பிறகு, கண்மாய்க்குக் கீழே இருந்த துண்டு வயலைப் பார்த்துக்கொண்டு, மகள் வீட்டை ஒட்டிய வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல்தான்.

அந்த ஆடிக்குப் பால்ச்சாமி தனக்குத்தானே ஒரு பாடம் வைத்திருந்தான். ஒருத்தன் வீட்டை விட்டுப் போகிறான். அவ்வளவுதான் பாடம். பேச்சு இல்லை, அழுகை இல்லை. போக மனசில்லாமல் போகிறான் என்பது பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். முதல் இரண்டு நாள் என்னைத்தான் நடக்கவிட்டான்.

"மாரி, உன் நடை மில்லுக்குப் போற நடைலே. சங்கு ஊதிட்டானோன்னு பயந்து போற மாதிரியே இருக்கு" என்றான்.

"பின்ன, எனக்குத் தெரிஞ்ச போக்கு அது ஒண்ணுதான?"

மூன்றாம் நாள் சேதுபதி வந்து இறங்கினான். அன்றைக்கே அவன் தோளில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டான் மச்சான்காரன். அதிலிருந்து லீவு முடிகிற வரைக்கும் தினமும் காலை ஏழு மணியிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும் வரை சேதுபதி வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்தான். பால்ச்சாமி வாசலிலிருந்து ஒரு தரம் எடுப்பான். தெருமுனையிலிருந்து ஒரு தரம். மாடியிலிருந்து, மாட்டுவண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கிணற்றுச் சுவரில் தொற்றிக்கொண்டு. ஒவ்வொரு தரமும் அவன் தெருமுனை போய்ச் சேர்கிற சமயத்தில் பால்ச்சாமி கத்துவான்.

"மாப்ளே, நில்லு! திரும்பி வா! இன்னொரு தரம்!"

கேமராவை நிறுத்தாமலே கத்துவான். அது அவனிடம் இருந்த கெட்ட பழக்கம். பேட்டரி வீணாகிறது என்று சுப்புராஜா எத்தனையோ தரம் திட்டியும் திருந்தவில்லை.

கருத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருப்பாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே பால்ச்சாமி, போறவனப் பின்னால இருந்து கூப்பிடாதலே. ஆகாது."

"அத்தை, அவன் நெசமா போகல. இது டேக்கு."

"டேக்காவது கீக்காவது. பெட்டியத் தூக்கி வாசலத் தாண்டிட்டான்லா? அப்பம் போறவன்தான. நல்லா இருக்கிற பிள்ளைய நித்தமும் போ போன்னு வெரட்டுத, பொறவு பின்னால நின்னு கூப்பாடு போடுத."

சேதுபதி பெட்டியை இறக்கிவிட்டுச் சிரித்தான். "எம்மா, அங்க நூறு பேரு என்னைய ஓடு ஓடுன்னு வெரட்டுதான். இங்க மச்சான் ஒருத்தராவது திரும்பி வான்னு கூப்பிடுதாரே."

"வாயக் கழுவு. ஏட்டி பேச்சி, தம்பிக்குத் தண்ணி கொண்டா."

எங்கள் பக்கம் கிளம்பியவனைத் தவறிப்போய்க் கூப்பிட்டுவிட்டால் அப்படியே விட மாட்டார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகக் கிளம்ப வேண்டும். அந்த மாதம் முழுவதும் கருத்தம்மாள் அதைச் செய்தாள். அவன் பத்துத் தரம் திரும்பி வந்தால் பத்துத் தரமும் தண்ணீர். "மச்சான், எனக்கு வயிறு குளமாட்டம் கெடக்கு. இன்னைக்கு இத்தோட விடுங்க" என்று அவனே கெஞ்சுவான்.

எனக்கு அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. மேற்கே மலை மேகம் போர்த்திக்கொண்டு கிடக்கும். பிளவக்கல் அணைப் பக்கமிருந்து காற்று வந்து என் சட்டத்துத் துணியைப் படபடவென்று அடிக்கும். ஆடிப்பூரத்துத் தேர் அன்றைக்கு மட்டும்தான் பாடத்துக்கு லீவு. மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், சேதுபதி வடம் பிடித்து உள்ளங்கை சிவந்து வந்தான். மறுநாள் காலையில் அந்தக் கையோடு மறுபடி பெட்டியைத் தூக்கினான். கம்மங்கஞ்சியும் வெங்காயமும் அவித்த மொச்சையும் முத்துப்பேச்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள். நாங்கள் மூன்று பேரும் எருமைகள் மாதிரி சந்தோஷமாக இருந்தோம்.

லீவு முடிந்து அவன் நிஜமாகவே கிளம்பியது ஆவணி பிறந்து இரண்டாம் நாள். கருத்தம்மாள் பொருவிளங்காய் உருண்டை பிடித்து ஒரு டின் நிறையக் கொடுத்திருந்தாள். எட்டு மணி டவுன் பஸ். தெருவே வாசலில் நின்றது. பால்ச்சாமி கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். முப்பது நாள் பொய்யாக எடுத்ததை அன்றைக்கு நிஜத்தில் பிடித்துவிடலாம் என்று அவனுக்கு ஆசை. நானும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சேதுபதி அம்மா காலில் விழுந்து எழுந்தான். பெட்டியைத் தோளில் ஏற்றினான். நடந்தான். முப்பது நாளில் ஒரு நாளும் வராத நடை அது. தெருமுனைக்குப் பத்தடி இருக்கையில் எவனோ அவிழ்த்துவிட்ட இரண்டு வெள்ளாடு குறுக்கே ஓடி, அப்படியே அவனை மறைத்தது.

பால்ச்சாமி வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. "மாப்ளே, நில்லு! திரும்பி வா! ஆடு குறுக்க வந்துட்டு!"

முத்துப்பேச்சி, "அய்யோ" என்று வாயைப் பொத்தினாள். பால்ச்சாமிக்கும் முகம் வெளிறிப்போயிற்று. சேதுபதி ஒருத்தன்தான் சிரித்தான். "வாரேன் மச்சான், வாரேன்" என்று பெட்டியோடு திரும்பி வீடு வரைக்கும் நடந்து வந்தான். கருத்தம்மாள் செம்பை நீட்டி, "உக்காந்து குடிச்சிட்டுப் போய்யா, செத்த நேரம்" என்றாள். அதற்குள் முனையில் பஸ் ஹாரன் அடித்தது. "போயிரும்மா" என்று நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு ஓடினான்.

மார்கழியில் பால்ச்சாமி வேறு பாடம் வைத்தான். ஆள் இல்லாமல் படம் எடுப்பது. குடம், சுவரில் நகர்கிற வெயில், கண்மாய்த் தண்ணீர், கொடியில் காய்கிற சேலை. அதே கேசட்டில் எடுத்தான். சேதுபதி அடுத்த ஆடிக்கு வரத்தானே போகிறான், அவனை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

மாசி மாதம் தந்தி வந்தது. வடக்கே எங்கேயோ மலையில் பனி சரிந்து, ரோந்து போன நாலு பேரை மூடிவிட்டது. இரண்டு பேரை எடுத்தார்கள். சேதுபதியை எடுக்கவில்லை. நாயக் பதவியில் இருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் அவனுடைய டிரங்குப் பெட்டியையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்து, சல்யூட் அடித்து நின்றார். உடம்பு இல்லாமல் எப்படி அழுவது என்று கருத்தம்மாளுக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

முத்துப்பேச்சிதான் எல்லார் முன்னாலும் பால்ச்சாமியைப் பார்த்துச் சொன்னாள். "நீங்கதான் கூப்பிட்டிய. பின்னால இருந்து கூப்பிட்டிய. ஒரு மாசமும் கூப்பிட்டிய."

அதோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு சோறு வைப்பாள், வேட்டி துவைத்துப் போடுவாள், பேச மாட்டாள். மூடநம்பிக்கை என்று இன்றைக்கு யாராவது சொல்லலாம். மூடநம்பிக்கையோ என்னவோ, அதே நினைப்பு பால்ச்சாமிக்குள்ளும் இருந்தது. எனக்குள்ளும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கையில் கருத்தம்மாள் அவனைக் கூப்பிட்டாள். தொண்டை கட்டி, குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏலே, எம்பிள்ளைய அம்புட்டு நாளு படம் பிடிச்சியே. அது ஓங்கிட்ட இருக்குல்லா?"

"இருக்கு அத்தை."

"ஒரு தரம் காட்டுலே. போட்டோவுல அவன் எவனோ மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்கான். எனக்கு அவன் நடக்கதப் பாக்கணும்."

"ஞாயித்துக்கிழமை டி.வி.யும் டெக்கும் கொண்டாந்து போடுதேன் அத்தை."

அன்றைக்கே இருவரும் சைக்கிளில் ராஜபாளையம் கிளம்பினோம். பாதி தூரத்தில் அவன் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இல்ல மாரி. அழிச்சிட்டேன். அதுமேலதான் குடத்தையும் தண்ணியையும் எடுத்து வச்சிருக்கேன்."

வேறு கேசட்டில் ஏற்றி வைத்திருப்பான் என்று நம்பியிருந்த எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். "பின்ன எந்த வாயில இருக்குன்னு சொன்ன?"

"அத்தை கேக்காவல்லா. இல்லைன்னு எப்படிலே சொல்லுவேன்?"

அன்றைக்கு நான் மில்லுக்குப் போகவில்லை. சுப்புராஜா கடையின் பின்னறையில் கேசட் ஓட்டுகிற டெக் இரண்டும் ஒரு டி.வி.யும் இருந்தன. எதற்கு என்று தெரியாமலே கேசட்டைப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். குடம் வந்தது. குடத்தின் மேல் வெயில் நகர்ந்தது. பிறகு சுவர். குடம் முடிந்து சுவர் தொடங்குவதற்கு முன்னால் திரை ஒரு தரம் கலங்கியது. கோடு கோடாக ஓடி நின்றது. எங்கள் தெரு தெரிந்தது. சேதுபதி பெட்டியோடு எதிரே நடந்து வந்தான். இரண்டு எட்டு வைத்தான். மறுபடி கலங்கி, சுவர் வந்துவிட்டது.

நான் கத்திவிட்டேன். பால்ச்சாமி நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான். மறுபடியும் வந்தான்.

"எப்படிலே?"

"ஒண்ண எடுத்து முடிச்சதும் ஓட்டிப் பாப்பம்லா மாரி. பாத்துட்டு, அதோட வால் அறுந்துரக் கூடாதுன்னு மூணு எண்ணிக்கை சும்மா ஓடவிட்டுட்டுத்தான் அடுத்தத எடுப்பேன். அந்த மூணு எண்ணிக்கையில புதுசா ஒண்ணும் ஏறல. பழசு அப்படியே கெடக்கு."

இருந்த கேசட் முழுவதையும் பார்த்தோம். மார்கழியில் அவன் எடுத்தது எழுபதுக்கு மேல், கேசட்டின் கடைசி வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கீற்று. பலவற்றில் வெறும் தெரு, என்னுடைய முழங்கை, கிணற்றுச் சுவர். முப்பத்தொன்றில் சேதுபதி இருந்தான். அவன் வருகிறபோதெல்லாம் நான் தாளில் ஒரு கோடு போட்டேன். போகிறவனாகப் பதினேழு தரம் இருந்தான், முதுகு காட்டி. திரும்பி வருகிறவனாகப் பதினான்கு தரம் இருந்தான். கூப்பிட்ட பிறகும் கேமராவை நிறுத்தாத பால்ச்சாமியின் கெட்ட பழக்கத்தில் சிக்கியவை அவை.

"எல்லாத்தையும் சேர்த்துரு. ஒரு ஒண்ணரை நிமிசமாவது வரும்" என்றேன்.

பால்ச்சாமி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். "போறது வேண்டாம் மாரி" என்றான்.

மூன்று நாள் ஆயிற்று. ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் பிடிக்க வேண்டும். பொத்தானை அமுக்கிய உடனே அந்த டெக் பிடிக்காது, அரை எண்ணிக்கை தாமதமாகத்தான் பிடிக்கும். மூன்று விநாடித் துண்டில் அரை எண்ணிக்கை போனால் என்ன மிஞ்சும்? ஆள் வருவதற்கு முன்பே, வரப்போகிற இடத்தைக் கணக்கிட்டு அமுக்க வேண்டும். நாலு வருஷமாக விரலை மடக்கி மடக்கி எண்ணியவன் விரல் அதைச் செய்தது. ஒரு துண்டுக்கு முப்பது தரம் முயன்றான். தூரத்தில் வருகிறதை முதலிலும், கிட்டே வருகிறதைப் பிறகும் வைத்தான். சட்டை மாறினால் தெரியும் என்று நான் சொன்னேன். தெரியட்டும் என்றான்.

ஒரு சங்கடம் இருந்தது. பாதித் துண்டுகளில் பால்ச்சாமியின் குரல் இருந்தது. திரும்பி வா, திரும்பி வா என்று. "சத்தத்த அமத்திருலே. அதக் கேட்டா வீட்டுல வெட்டுப்பழி ஆயிரும்" என்றேன்.

"கடைசித் துண்டுல அவன் பேசுதாம்லே. அத எப்படி அமத்த? அத மட்டும் வச்சுக்கிட்டு நான் கூப்பிட்டத ஒளிச்சேன்னா அது களவாணித்தனம்."

இரண்டாம் நாள் சுப்புராஜா எட்டிப் பார்த்து, "ஏமிரா, ரெண்டு கல்யாணக் கேசட்டு அப்படியே கெடக்கு. காசு கொடுத்தவன் வந்து கத்துதான்" என்று தொடங்கினார். திரையில் சேதுபதி வருவதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். முன்கடைக்குப் போய், பிரிக்காத புதுக் கேசட் ஒன்றை மேசையில் வைத்து, "இதுல ஏத்து. தீஸ்கோ ரா, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டி.வி.யையும் டெக்கையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கருத்தம்மாள் குளித்து, ஈரத்தலையோடு டி.வி.க்கு நேராக வந்து உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பால்ச்சாமி பொத்தானை அமுக்கிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் நடுவில் மேடையேறிப் படம் பிடிக்கிறவனுக்கு அன்றைக்கு நிற்க இடம் தெரியவில்லை.

"திரும்பி வா!" என்று டி.வி.யிலிருந்து அவன் குரல் வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

தெருக்கோடியில் ஒரு புள்ளியாக சேதுபதி வந்தான். அடுத்ததில் கொஞ்சம் கிட்டே வந்தான். வெள்ளைச் சட்டையில் வந்தான், பனியனோடு வந்தான். பெட்டியை வலது தோளில் வைத்து வந்தான், தலையில் வைத்து வந்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, என்னையோ யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். திரும்பி வா, திரும்பி வா என்று குரல் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தான். கடைசியில் ஆட்டைத் தாண்டி, முகம் திரை முழுவதும் நிறைகிற அளவுக்கு வந்து, "வாரேன் மச்சான், வாரேன்" என்றான். பிறகு திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

நாற்பத்தோரு விநாடி. நாங்கள் எண்ணியிருந்தோம்.

கருத்தம்மாள் அழவில்லை. "அந்தா வாரான்" என்று மட்டும் சொன்னாள். "இன்னொரு தரம் போடு."

பால்ச்சாமி பின்னால் ஓட்டிவிட்டுப் போட்டான். அவள் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து நகர்ந்து, டி.வி.க்கு ஒரு முழத்தில் போய் இருந்தாள். அவன் வரவர அவள் தலை ஆடியது. மூன்றாம் தரம் ஓடுகையில் அடுப்படி நிலையில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். கையில் கரி. நாலாம் தரம் அம்மா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பால்ச்சாமி அவளைப் பார்க்காமல் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாரேன் மச்சான், வாரேன்" என்று சேதுபதி சொல்லி முடித்தான். இரைச்சல் வந்தது. முத்துப்பேச்சி இரைச்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"கடைசியில இன்னும் செத்த நேரம் விட்டிருக்கலாம்லா. முகம் இப்பத்தான கிட்ட வருது."

பால்ச்சாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அம்புட்டுத்தான் இருக்கு, பேச்சி."